வாலுக்கு 40 ரூபாயா, ஏக்கருக்கு 700 ரூபாயா? கிட்டி வைத்து எலி பிடிக்கும் சேவை: மூன்று சம்பா அனுபவம்

திருத்துறைப்பூண்டிப் பக்கம் கடைமடையில் எங்களுக்கு 5 ஏக்கர், எங்கள் பேச்சில் 15 மா. நேரடி விதைப்புச் சம்பா, அதன்மேல் உளுந்து. வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருப்பதால் வயல் கணக்கு முழுக்க என் தலையில். மூன்று வருஷமாக எலிக்கு ஒரே கிட்டிக்காரரைத்தான் கூப்பிடுகிறேன். அறுவடை முடிந்து போன வாரம்தான் அவருக்குக் கடைசித் தவணை கொடுத்தேன். கையோடு எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். பேர் போட வேண்டாம் என்று அவரே சொன்னதால் கிட்டிக்கார அண்ணன் என்றே எழுதுகிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆள் தங்கமான ஆள், வேலை சுத்தம். ஆனால் அவரை எந்த மாதம் கூப்பிடுகிறோம், கூலியை எப்படிப் பேசுகிறோம், இந்த இரண்டில்தான் நம் நெல் தப்புவதும் தப்பாததும் இருக்கிறது. முதல் இரண்டு வருஷம் இரண்டையும் தப்பாகச் செய்தேன். அந்த இரண்டு வருஷத்து நெல் போனது போனதுதான்.

கிட்டியைப் பார்க்காதவர்களுக்காக: மூங்கில் பத்தையை வில்லாக வளைத்துக் கயிறு பூட்டி, மூங்கில் சட்டத்தில் கட்டியிருப்பார்கள். வெளியூரில் தஞ்சாவூர் கிட்டி என்பார்கள். நடுவில் எலி தலையை நுழைக்கிற அளவுக்கு ஒரு வழி. உள்ளே இரை. இரையை எலி இழுத்தால் வில் விடுபட்டு கழுத்தில் அடிக்கும். அண்ணனுடைய இரை, இடித்த அரிசி மாவில் கருவாட்டுத் தூள். பொழுது சாயும்போது அவரும் அவர் சம்சாரமும் ஆளுக்கொரு கட்டு கிட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்குவார்கள். எலி போகிற தடம் அவர் கண்ணுக்கு மட்டும் தெரியும். ஈர மண்ணில் வழவழவென்று ஒரு பாதை, அதன் ஓரத்தில் வெட்டிப் போட்ட தூர், பக்கத்தில் புழுக்கை. அங்கே மட்டும்தான் ஊன்றுவார். ஒரு கிட்டியைப் பூட்டி நிறுத்த அரை நிமிஷம் ஆகாது. விடியற்காலை 5 மணிக்கு மறுபடி வந்து எடுத்துவிடுவார். மருந்து இல்லை, புகை இல்லை, செத்த எலி வயலில் கிடந்து நாறுவதும் இல்லை.

முதல் வருஷம் எல்லாரையும் போல நானும் எலி வெட்டு கண்ணில் பட்ட பிறகுதான் கூப்பிட்டேன். எலி வெட்டு கண்ணில் படுவதே தாமதமாகத்தான். வரப்பில் நின்று பார்த்தால் பயிர் பச்சைப் பசேலென்று நிற்கும். ஓரத்து வரிசைகளை எலி தொடாது. நடு வயலில் வட்டமாகத் தின்றிருக்கும். கதிர் பால் பிடித்த பிறகு ஒருநாள் களை பிடுங்க உள்ளே போனபோதுதான் பார்த்தேன். நாலு பாய் விரிக்கிற அளவுக்குப் பயிர் சாய்ந்து கிடந்தது. ஒவ்வொரு தூரும் அரிவாளால் சாய்வாகச் சீவினது போல. அன்றைக்கே போன் போட்டேன். அவர் வந்தது ஆறு நாள் கழித்து. அந்தப் பருவத்தில் சுற்றுவட்டாரத்தில் எல்லாரும் அவரைத்தான் கூப்பிடுகிறார்கள். வாலுக்கு, அதாவது பிடித்த எலி ஒன்றுக்கு, 40 ரூபாய். மூன்று ராத்திரியில் 62 எலி, 2,480 ரூபாய். கொத்துக் கொத்தாக எலியைத் தொங்கவிட்டுக்கொண்டு அவர் கரையேறியபோது எனக்கு அவ்வளவு திருப்தி. அறுத்த பிறகு வழக்கத்துக்கு 9 மூட்டை குறைவு. 62 பிடிக்காமல் இருந்திருந்தால் இன்னும் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாவது வருஷம்தான் உண்மையில் அடி. 2024-ல் மேட்டூர் அணையை ஜூலை 28-ல்தான் திறந்தார்கள். வழக்கப்படி ஜூன் 12. எங்கள் கடைமடைக்குத் தண்ணீர் எப்போது வரும் என்று யாருக்கும் நிச்சயம் இல்லாததால், மழையை நம்பி விதைத்தவர் ஒருத்தர், ஆற்றுத் தண்ணீருக்குக் காத்திருந்தவர் ஒருத்தர் என்று ஒரே மடையில் ஆளுக்கொரு தேதியில் விதைத்தோம். முதல் வயலுக்கும் கடைசி வயலுக்கும் ஒரு மாதத்துக்கு மேல் இடைவெளி. அதிலும் நான் போட்டது 155 நாள் சி.ஆர். 1009, பக்கத்தில் அதைவிடக் குறைந்த நாள் ரகம். ஆக, எங்கேயாவது ஒரு வயலில் எப்போதும் கதிர் இருந்தது. அந்த வருஷம் 137 வால், 5,480 ரூபாய். நெல்லில் குறைந்தது 22 மூட்டை. மூட்டைக்கு 1,400 என்று போட்டாலும் 30,800 ரூபாய் எலி வயிற்றில் போனது.

அந்த வருஷம் ஒரு காரியம் மட்டும் உருப்படியாகச் செய்தேன். மாமனார் சொல்லிக்கொடுத்தது. சாயங்காலம் வரப்பில் உள்ள எல்லா வளை வாயையும் மண்ணை வெட்டிப் போட்டு மிதித்து மூடிவிட வேண்டும். காலையில் போய் எண்ண வேண்டும். எது திறந்திருக்கிறதோ, எதன் வாயில் புது மண் தள்ளியிருக்கிறதோ, அதுதான் எலி உள்ள வளை. கிட்டி வைப்பதற்கு முந்தின நாள் எண்ணினேன்: 41. மூன்று ராத்திரி கிட்டி முடிந்ததும் மறுபடி மூடி எண்ணினேன்: 14. மனசுக்கு நிம்மதியாக இருந்தது. 12 நாள் கழித்து எதற்கும் பார்ப்போம் என்று திரும்ப எண்ணினால் 36.

வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். 12 நாளில் குட்டி போட்டுப் பெரிதாகி வளை தோண்ட முடியாது. இந்த 22 வளைக்காரர்களும் பிறந்து வந்தவர்கள் இல்லை, குடி வந்தவர்கள். பக்கத்து வயலிலிருந்தும் வாய்க்கால் கரைக் கருவேலங்காட்டிலிருந்தும் வந்திருக்கிறார்கள். எங்கள் பக்கம் அதிகம் இருப்பது கரம்பை எலி. பெரும்பாலும் தனி வாசம். வளர்ந்த எலி இன்னொன்றைத் தன் வளைக்குள் விடாமல் கடித்துத் துரத்தும். நல்ல வரப்பு, பக்கத்தில் கதிர், இப்படி ஒரு வளை காலியானால், கரையில் இடம் கிடைக்காமல் பட்டினி கிடக்கிற எலிக்கு அது வாடகை இல்லாத வீடு. நான் 5,480 ரூபாய் கொடுத்து வீடு காலி செய்து வைத்தேன், அவை வந்து குடியேறின.

என் மகள் விவசாயக் கல்லூரியில் படிக்கிறாள். பொங்கலுக்கு வந்தபோது இந்த மூன்று எண்களையும் காட்டினேன். கிழித்துப் போட்ட காலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஒரு கோடு போட்டாள். தரையோடு தரையாகக் கொஞ்ச தூரம் போய், பிறகு செங்குத்தாக ஏறி, மேலே போய்ப் படுத்துவிடுகிற கோடு. 1838-லேயே வெர்ஹூல்ஸ்ட் என்ற பெல்ஜியத்துக்காரர் கணக்காகப் போட்டு வைத்தாராம். "எலி கம்மியா இருக்கும்போது பெருக்கம் கண்ணுக்குத் தெரியாதும்மா. ரொம்ப இருக்கும்போது சாப்பாடும் இடமும் பத்தாம தானா நின்னுடும். நடுவுலதான் வேகம். எலி உச்சியில் இருக்கறப்ப நீ பாதியைப் பிடிச்சா, அதைக் கொண்டுபோய் வேகமா ஏறுற இடத்துல நிறுத்துறே." அந்தத் தாளை இன்னும் அரிசி டின் மூடியில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

அப்புறம் இரண்டு பேரும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். கரம்பை எலி வயிற்றில் சுமப்பது சுமார் 22 நாள். ஒரு ஈற்றுக்கு 7 குட்டி என்று வையுங்கள். ஈன்ற கையோடு மறுபடி சினை பிடிக்கும். ஆனால் வருஷம் முழுக்க இப்படிப் போட்டுக்கொண்டே இருக்காது. வயிற்றுக்குச் சத்தான தீனி வேண்டும். நாற்றும் புல்லும் தின்று உயிர் பிழைக்கலாம், குட்டி போட்டுப் பாலூட்ட முடியாது. பயிர் தூர் கட்டி முடித்து, பொதி கட்டி, அதாவது கதிர் உறைக்குள்ளேயே திரண்டு, பிறகு வெளியே வருகிற காலம்தான் அவற்றுக்கும் குட்டிக் காலம். சி.ஆர். 1009-ல் அது ஏறக்குறைய 80 நாள். 80 நாளில் ஒரு தாய்க்கு மூன்று ஈற்று, 21 குட்டி. பக்கத்து வயலில் ஒரு மாதம் தள்ளி விதைத்திருந்தால் தீனி 110 நாளாக நீளும். அப்போது ஐந்து ஈற்று, 35 குட்டி. அதோடு நிற்காது. முதல் ஈற்றுப் பெட்டைகளுக்கே மூன்று மாதம் ஆகிப் பருவத்துக்கு வந்துவிடும், அவையும் சினை பிடிக்கும். சம்பாவோடு உளுந்து விதைத்திருப்பதால் அறுத்த பிறகும் தீனி தொடரும். ஒரு மாதம் முன்பின் விதைத்ததில் 22 மூட்டை எப்படிப் போனது என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

பிறந்தது எல்லாம் பிழைப்பதில்லை, அதையும் சொல்ல வேண்டும். ஐப்பசி கார்த்திகை மழையில் வயல் மூழ்கினால் வளையோடு குட்டி போகும். சித்திரையில் நிலம் பாளம் பாளமாக வெடித்துத் தின்ன ஒன்றும் இல்லாமல் காயும்போது பெரிய எலிகளே கூட்டம் கூட்டமாகச் செத்துப் போகும், குட்டி போடுவதும் நின்றுவிடும். சாரை, கீரி, கூகை எல்லாம் தன் பங்குக்கு எடுத்துக்கொள்ளும். அதனால்தான் மாசியில் அறுத்துவிட்டு எலி பிடிக்க ஆள் கூப்பிடுவது எனக்கு வீண் செலவாகப் படுகிறது. அப்போது பிடிபடுகிற எலியில் பெரும்பகுதி வெயிலில் தானாகவே போகப்போகிற எலி.

கூகையைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் வயலில் பறவைத் தாங்கிக்காகத் தென்னை மட்டைகளைத் தலைகீழாக நட்டிருக்கிறோம். ராத்திரி வெள்ளையாக ஒன்று சத்தமே இல்லாமல் வந்து உட்காரும். ஒரு ராத்திரிக்கு ஒன்றிரண்டு எலியாவது தின்னும், குஞ்சு இருந்தால் இன்னும் அதிகம். கூகை அலறினால் சாவு வரும் என்று அதை விரட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. ஆனால் அதை மட்டும் நம்பியும் இருக்க முடியாது. எலி 22 நாளில் ஈன்றுவிடும். கூகை முட்டையிட்டு, அடைகாத்து, குஞ்சைப் பறக்கவிட மாசக்கணக்கு ஆகும். எலி குறைவாக இருக்கும் காலத்தில் கூகை அதை அப்படியே குறைவாகவே வைத்திருக்கும். எலி ஓட ஆரம்பித்த பிறகு கூகையால் துரத்திப் பிடிக்க முடியாது.

மருந்தும் வைத்துப் பார்த்தவள்தான் நான். ஒரு பங்கு துத்தநாக பாஸ்பைடுக்கு 49 பங்கு பொரியும் கருவாடும். முதலில் இரண்டு நாள் மருந்தில்லாத இரை வைத்துப் பழக்கி, பிறகு மருந்து. முதல் ராத்திரி நிறையச் செத்தன. குறைவாகத் தின்று வயிற்று வலியோடு தப்பித்தவை அதற்கப்புறம் அந்த இரையை மோந்துகூடப் பார்க்கவில்லை. ரத்தம் உறையாமல் செய்கிற மருந்து வேறு இருக்கிறது, ஆனால் அதைத் தின்று தள்ளாடுகிற எலியைக் கூகை தின்றால் கூகையும் சாகும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். சில இடங்களில் எலிக்கென்று வரப்பைச் சுற்றி மின்கம்பி இழுக்கிறார்கள். அது சட்டப்படி குற்றம், விடியலில் தண்ணீர் பாய்ச்சப் போன மனுஷர்கள் அதில் செத்திருக்கிறார்கள். தயவுசெய்து யாரும் அதைச் செய்யாதீர்கள்.

சரி, சேவைக்கு வருகிறேன். இந்தக் கணக்கெல்லாம் போட்ட பிறகுதான் கோளாறு எங்கே என்று பிடிபட்டது: கூலியில். வாலுக்கு 40 ரூபாய் என்றால், எலி அதிகம் இருக்கும்போது வந்தால்தான் அவருக்குக் கட்டுப்படியாகும். விதைத்து 40-ஆம் நாள் அவர் வந்தால் ராத்திரிக்கு நாலோ ஐந்தோ கிடைக்கும். 200 ரூபாய்க்கு இரண்டு பேர் ராத்திரியும் விடியலும் சேற்றில் இறங்க முடியுமா? அவர் வராததில் குற்றமே இல்லை. எனக்கு எலி குறைவாக இருக்க வேண்டும், அவருக்கு அதிகமாக இருக்க வேண்டும். இப்படிக் கூலி பேசியது நாம்தான்.

போன ஆடியில் அவர் வீட்டுக்கே போய்ப் பேசினேன். "அண்ணே, வாலு எண்ண வேண்டாம். ஏக்கருக்கு 700 ரூபாய். மூணு தடவை வாங்க. விதைச்சு 40-ஆம் நாள் ஒண்ணு, 55-ல ஒண்ணு, 75-ல ஒண்ணு. எலி கிடைச்சாலும் சரி, கிடைக்காட்டியும் சரி, காசு உண்டு."

அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு சொன்னார்: "தங்கச்சி, எங்கப்பா காலத்துல முழு ஊருக்கும் சேர்த்து நெல்லாத்தான் அளப்பாங்க. அப்பல்லாம் முன்னாடியே இறங்கிடுவோம். வாலுக் கணக்கு அப்புறம் வந்தது. உன் ஒரு வயலுக்கு மட்டும் வெச்சா பிரயோசனம் இல்லை. பக்கத்து வயல்காரங்களையும் சேரு."

சேர்த்தேன். ஏழு வீடு, 22 ஏக்கர், மொத்தம் 15,400 ரூபாய். இரண்டு வீட்டுக்காரர்களைச் சம்மதிக்க வைக்க மூன்று நடை நடந்தேன். அதோடு இரண்டு விஷயம் ஒத்துக்கொண்டோம். ஒன்று, எல்லாரும் 10 நாளுக்குள் விதைத்து முடிப்பது. 2025-ல் மேட்டூர் ஜூன் 12-லேயே திறந்துவிட்டதால் அது முடிந்தது. இன்னொன்று, வரப்பை ஒடுக்குவது. வேளாண்மைத் துறையில் சொல்கிற அளவு 45-க்கு 30 சென்டிமீட்டர். எங்கள் வரப்புகள் சில இடத்தில் மாட்டு வண்டி போகிற அகலம். அகல வரப்பு எலிக்கு மாடி வீடு. தண்ணீர் நின்றாலும் உள்ளே காய்ந்த அறை இருக்கும். மெல்லிய வரப்பில் வளை தோண்டினால் மறுபக்கம் வந்துவிடும், ஈரமும் ஏறும், குட்டி வைக்க முடியாது. முழுக்க ஒடுக்க முடியவில்லை, பாதி ஆயிற்று.

முதல் சுற்றில் நாலு ராத்திரி. 22 ஏக்கருக்கும் சேர்த்து 48 எலி. அதில் பெட்டை 26. அண்ணன் ஒரு பெட்டையை உள்ளங்கையில் மல்லாத்தி, கட்டைவிரலால் அடிவயிற்றை மெதுவாக நீவிக் காட்டினார். தட்டையாக இருந்தது. "இன்னும் சினை இல்லை தங்கச்சி. இப்ப ஒண்ணு பிடிச்சா அது ஒண்ணோட போகாது, பின்னால வரவேண்டிய குட்டியும் சேர்ந்து போகும்." மூன்றாவது சுற்றில், பயிர் தூர் கட்டி முடிகிற நேரத்தில் பிடிபட்ட ஒன்றை அதே மாதிரி நீவினார். விரலுக்கடியில் முடிச்சு முடிச்சாக நகர்ந்தது எனக்கே தெரிந்தது. அறுத்துப் பார்த்தோம். மொச்சைக்கொட்டை அளவில் 9, இரண்டு பக்கமும் மாலை மாதிரி கோத்து. பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. முதல் சுற்றில் அந்த 26 பெட்டை பிடிபடாமல் இருந்தால் ஆளுக்கு மூன்று ஈற்று, 546 குட்டி. கால்வாசி பிழைத்தாலும் 136.

இரண்டாவது சுற்றில் 39, மூன்றாவதில் 29. மூன்று சுற்றும் சேர்ந்து 116. ஏழு வீட்டில் ஒருத்தர் சண்டைக்கு வந்தார், "15,400 ரூபாயை 116 எலிக்குப் பிரிச்சா வாலுக்கு 130 ரூபாய்க்கு மேல ஆகுது, உன் பேச்சைக் கேட்டு ஏமாந்தோம்" என்று. எனக்கும் ஒரு வாரம் தூக்கம் இல்லை. கதிர் முற்றும்போது என் 5 ஏக்கரில் வளையை மூடி எண்ணினேன்: 11. போன வருஷம் இதே பருவத்தில் 41. அறுத்த பிறகு நெல் குறைந்தது 2 மூட்டைகூட இருக்காது. என் பங்குச் செலவு 3,500 ரூபாய். சண்டைக்கு வந்தவர் இப்போது அடுத்த வருஷத்துக்குத் தன் அண்ணன் நிலத்தையும் சேர்க்கச் சொல்கிறார்.

எல்லாம் கிட்டியால்தான் என்று சொன்னால் அது பொய். ஒரே சமயத்தில் விதைத்ததும் வரப்பு ஒடுக்கியதும் எவ்வளவு, கிட்டி எவ்வளவு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. தீனிதான் அடிப்படை என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகமே இல்லை. என் தம்பி மத்திய போலீஸ் படையில் மிசோரத்தில் இருந்தவன். அங்கே ஒரு வகை மூங்கில் ஏறக்குறைய 48 வருஷத்துக்கு ஒருமுறை காடு முழுக்க ஒரே நேரத்தில் பூத்துக் காய்த்துச் செத்துப் போகுமாம். அந்தக் காயைத் தின்று எலி பெருகி, காய் தீர்ந்ததும் நெல் வயலுக்குள் இறங்கிவிடும். 1959-ல் அப்படித்தான் பஞ்சமே வந்தது. அந்தப் பஞ்சத்தில் ஆரம்பித்த கோபம் இருபது வருஷக் கலகமாகி 1986-ல்தான் ஒப்பந்தம் ஆனது. 2007 வாக்கில் மறுபடி பூத்தபோது அவன் அங்கேதான் இருந்தான். ஒரே ராத்திரியில் ஒரு மலைச்சரிவு வயல் காலியானதைப் பார்த்தேன் என்பான். அங்கே மூங்கில் காய் செய்ததை இங்கே நாம் ஒரு மாதம் முன்பின் விதைத்து நாமே சின்ன அளவில் செய்துகொள்கிறோம்.

இனி குறைகள். ஒன்று, சொன்ன தேதி. ஏக்கர் கூலி பேசிய பிறகு பரவாயில்லை, ஆனாலும் இரண்டாவது சுற்றுக்கு நாலு நாள் தள்ளி வந்தார். மழை ஒரு காரணம், வேறு ஊரில் வாலுக் கணக்கில் இழுத்துவிட்டது இன்னொரு காரணம். பாதி முன்பணம் கொடுத்திருந்தும் மூன்று முறை போன் செய்ய வேண்டியிருந்தது. இரண்டு, எண்ணிக்கை. வைத்த கிட்டியை எண்ணி எடுக்கிற பழக்கம் அவரிடம் இல்லை. முதல் சுற்றில் மூன்று கிட்டி பயிருக்குள்ளேயே தங்கிவிட்டன. ஒன்றில் கானாங்கோழி மாட்டிச் செத்துக் கிடந்ததை நான்தான் பார்த்தேன். அன்றைக்கெல்லாம் மனசு சரியில்லை. அடுத்த சுற்றிலிருந்து ஒவ்வொரு கிட்டிக்குப் பக்கத்திலும் சிவப்புத் துணி கட்டிய குச்சி நடச் சொன்னேன், நட்டார். நீங்களும் அதைக் கேட்டு வாங்குங்கள். மூன்று, வாய்க்கால் கரை. அது யார் வயலும் இல்லை என்பதால் அங்கே கிட்டி வைக்கவில்லை, நாங்களும் காசு பேசவில்லை. கருவேலம் மண்டிக் கிடக்கிற அந்தக் கரைதான் எலிக்குத் தாய்வீடு. எங்கள் வயலில் மிஞ்சிய 11 வளையில் 8 வளை கரையை ஒட்டிய வரப்பில். இது அவர் குறை என்பதைவிட எங்கள் ஏற்பாட்டின் குறை.

நிறை என்று சொன்னால், வளை வெட்டுவதில் அவருக்கு ஈடு கிடையாது. அறுவடை முடிந்து கரையோரம் ஒரு வளையைச் சும்மா வெட்டிக் காட்டினார். மண்வெட்டியை ஓங்கிப் போடாமல், குச்சியை விட்டுத் திசை பார்த்துப் பார்த்துத் தோண்டினார். நேராகப் போய், இடப்பக்கம் திரும்பி, ஒரு தப்பிக்கிற வழி விட்டு, கடைசியில் தேங்காய் அளவு அறை. அதற்குப் பக்கத்து அறையில் கதிர். ஒரே பக்கம் தலை வைத்து அடுக்கினது போல. உதறி முறத்தில் போட்டோம், இரண்டு படிக்கு மேல் நெல். அதை அவர் சம்சாரத்திடமே கொடுத்துவிட்டேன். வளை நெல் தோண்டியவருக்குத்தான் என்பது எங்கள் ஊர் வழக்கம்.

வாலுக் கணக்கில், கதிர் வந்த பிறகு, ஒரு வயலுக்கு மட்டும் என்றால் இந்தச் சேவைக்கு நான் 5-க்கு 2 கொடுப்பேன். ஏக்கர் கணக்கில், 40-ஆம் நாளிலிருந்து, அக்கம்பக்கம் சேர்ந்து என்றால் 5-க்கு நாலரை. அரை மதிப்பெண் அந்தக் கானாங்கோழிக்காகக் குறைத்தது. 10 ஏக்கருக்குக் கீழ் சேர்ந்தால் பலன் இருக்குமா என்று கேட்பவர்களுக்கு: என் வயலில் 12 நாளில் 22 வளை நிரம்பியதை நினைத்துக்கொள்ளுங்கள். சுற்றிலும் யாரும் செய்யாவிட்டால் அந்தப் பணத்தில் வரப்பை ஒடுக்குங்கள், அது யாரும் சேராவிட்டாலும் பலன் தரும்.

அடுத்த சம்பாவுக்குப் புரட்டாசி கடைசியில் வரச் சொல்லி 2,000 ரூபாய் முன்பணம் கொடுத்தாகிவிட்டது. இந்த முறை வாய்க்கால் கரையையும் சேர்த்துப் பேசியிருக்கிறோம். கரைக்கு மட்டும் தனியாக 1,500, ஏழு வீடும் பிரித்துக்கொள்கிறது. நேற்று சாயங்காலம் மாமனாரும் நானும் கரையோரம் வளைகளை மூடிவிட்டு வந்தோம். காலையில் எண்ணினேன், 19 திறந்திருக்கிறது. சித்திரை வெயில் கழித்து மறுபடி எண்ண வேண்டும்.